மலை மேல் ஆன்லைன் கேம்: ஃபைபரா, ஏர்ஃபைபரா, சிம் ரூட்டரா?

"மேட்ச் பாதியில் வெளியே தள்ளிவிடுகிறது. எந்த இணைப்புக்கு மாறலாம்?" நீலகிரியில் உட்கார்ந்து கேம் ஆடுகிறவர்கள் அதிகம் கேட்பது இதுதான். கேட்கும்போதே இரண்டு பெயர்கள் கையில் இருக்கும்: தெருவுக்குப் புதிதாக வந்திருக்கும் ஃபைபர், அல்லது கூரையில் பெட்டி மாட்டும் 5ஜி ஏர்ஃபைபர். கோயம்புத்தூரில் இருப்பவர் விளம்பரத்தில் உள்ள எம்பிபிஎஸ் வேக எண்ணைப் பார்த்து ஒன்றை எடுத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. மலையில் அந்த எண் எதையும் சொல்லாது. ஒரே ஹட்டியில் (படுகர் ஊரில்) மேல்வரிசை வீட்டில் நாலு கட்டை காட்டும் சிம், கீழ்வரிசையில் ஒரு கட்டைக்கு இறங்கிவிடும். குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் அருமையாக ஓடும் லைன், அதே கம்பெனியுடையது, மஞ்சூரில் வாரம் ஒருமுறை படுத்துவிடும்.

என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே காசு கொடுத்து வாங்க வேண்டியது வேகம் இல்லை. கரண்ட் போனாலும் ஓட வேண்டும், அறுந்தால் மறுநாளைக்குள் ஒட்டுவதற்கு ஆள் வர வேண்டும். பிங் (ஒரு தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

## மாறுவதற்கு முன்: கோளாறு யாருடையது?

இணைப்பை மாற்றியும் அதே தொல்லை தொடர்ந்தால், கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருந்திருக்கும். அதனால் புதிய லைனுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை இதற்குச் செலவிடுங்கள்.

கம்ப்யூட்டரில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து முதலில் உங்கள் ரூட்டருக்கே பிங் அனுப்புங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். இருநூறு தடவை போகட்டும். லேன் கேபிளில் 1 மில்லி செகண்டு, வைஃபையில் 2 முதல் 5 வரை, ஒன்றுகூடத் தொலையாமல் வந்தால் வீட்டுக்குள் சுத்தம். இடையிடையே 80, 150 என்று குதித்தாலோ, 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வந்தாலோ, எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் பலன் இல்லை. அடுத்து 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்கு அனுப்புங்கள். ரூட்டர் வரை சுத்தமாகவும் அதற்கு மேல் அழுக்காகவும் இருந்தால் லைனில் கோளாறு. இரண்டும் சுத்தம், கேம் மட்டும் உதைக்கிறது என்றால் கேம் சர்வரிலோ, அதற்குப் போகும் வழியிலோ சிக்கல். டிரேஸ்ரூட் (தகவல் போகும் வழியைக் காட்டும் கட்டளை) எடுத்தால் எந்த ஊரில் எண் எகிறுகிறது என்று தெரியும்.

எந்த இடத்தில் அறுகிறது என்பதும் ஒரு தடயம். லாகினே ஆகாமல் சுற்றிக்கொண்டிருந்தால் டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை), ஃபயர்வால், சர்வர் பராமரிப்பு ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். டிஎன்எஸ் மாற்றினால் இது சரியாகலாம். ஆனால் டிஎன்எஸ் மாற்றினால் பிங் குறையும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம், மேட்ச் தொடங்கிய பிறகு டிஎன்எஸ்ஸுக்கு அங்கே வேலையே இல்லை. மேட்ச் நடுவில் ஆள் பின்னாடி இழுக்கப்பட்டால் பேக்கெட் லாஸ் (தகவல் துண்டுகள் வழியில் தொலைவது) அல்லது ஜிட்டர் (பிங் ஏறி இறங்குவது). நண்பனின் லாபியில் மட்டும் சேர முடியவில்லை, வாய்ஸ் சாட் மட்டும் வரவில்லை என்றால் நேட் (பலர் ஒரே ஐபி முகவரியைப் பகிரும் ஏற்பாடு). சில நேரம் கோளாறு எங்குமே இல்லை. 2022 ஜூலையில் பிஜிஎம்ஐ (இந்தியாவுக்கான பப்ஜி மொபைல்) இந்திய ஆப் கடைகளில் இருந்து நீக்கப்பட்டு 2023 மே மாதம் திரும்பியது. அந்த இடைவெளியில் ரூட்டரை ரீசெட் செய்து என்ன பயன்?

## எதை வைத்து எடைபோடுவது?

பேக்கெட் லாஸ்தான் முதல் கேள்வி. ஷூட்டர் கேம்கள் யுடிபி என்ற அனுப்பும் முறையில் ஓடுகின்றன. தொலைந்த பேக்கெட்டைத் திரும்பக் கேட்டு வாங்க அதில் நேரம் கிடையாது. நூற்றுக்கு ஒன்று தொடர்ந்து தொலைந்தாலே ஆட்டம் தடுமாறும்.

இரண்டாவது ஜிட்டர். பிங் 60 என்று நிலையாக நின்றால் கை பழகிவிடும். 25க்கும் 120க்கும் நடுவே ஆடினால் பழகவே முடியாது.

பிங் மூன்றாவதுதான். அதன் அடிமட்டத்தை மலை தீர்மானிப்பதில்லை, தூரம் தீர்மானிக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஊட்டியில் இருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 430 கி.மீ., மும்பை சுமார் 940, சிங்கப்பூர் சுமார் 3,200. போய்வர, இயற்பியல் விதிக்கும் குறைந்தபட்சம் முறையே 4, 9, 32 மில்லி செகண்டு. கேபிள் நேர்கோட்டில் போகாது, நடுவில் நிறையப் பெட்டிகள் இருக்கின்றன. ஆகவே நிஜத்தில் இதைப்போல இரண்டு மடங்கு, அதற்கு மேலும் வரும். வேலரண்டுக்கு மும்பையில் சர்வர் உண்டு. கவுண்டர் ஸ்டிரைக், டோட்டா நடத்தும் வால்வுக்குச் சென்னையிலும் மும்பையிலும் உண்டு. சிங்கப்பூரில் மட்டும் சர்வர் வைத்திருக்கும் கேமில் 15 பிங் வாங்கித்தருகிறேன் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அது நடக்காது.

நான்காவது நேட். உங்களுக்கென்று தனிப் பொது ஐபி கிடைக்கிறதா, அல்லது நூற்றுக்கணக்கானவர்களோடு ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும் சிஜிநேட்டா? ரூட்டரின் செட்டிங் பக்கத்தில் வான் (WAN, வெளிப்பக்க) ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் சிஜிநேட். வேலரண்டு, பிஜிஎம்ஐ போன்று கம்பெனி சர்வரில் நடக்கும் ஆட்டங்களுக்கு இது பொருட்டே இல்லை. ஜிடிஏ ஆன்லைன் மாதிரி ஆடுபவர்களின் மெஷின்களே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேமுக்கும், வீட்டில் மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துபவருக்கும் இதுதான் தலைவலி. சிஜிநேட்டுக்குப் பின்னால் இருந்துகொண்டு போர்ட் ஃபார்வர்டிங் (வெளியாட்கள் உள்ளே வர ரூட்டரில் வழி திறந்துவிடுவது) செய்வது வீண்வேலை.

ஐந்தாவது, மலைக்கே உரிய கேள்வி: கரண்ட் இல்லாத நேரத்தில் எவ்வளவு நேரம் ஓடும்? அறுந்தால் யார், எப்போது வருவார்?

வேகத்தை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஒரு மணி நேர ஆட்டம் சில பத்து எம்பி முதல் சில நூறு எம்பி வரைதான் எடுக்கும். வேகம் வேண்டியிருப்பது அப்டேட் இறக்க. அதை இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

## ஃபைபர்

வீட்டு வாசல் வரை ஃபைபர் வருகிறது, போடுகிறவர் உள்ளூர்க்காரர் என்றால் இதற்குமேல் யோசிக்க அதிகம் இல்லை. மழையும் பனிமூட்டமும் இழைக்குள் ஓடும் ஒளியைத் தொடாது. நல்ல நிலையில் உள்ள லைனில், வீட்டில் இருந்து கேபிள்காரரின் ஆபீஸ் வரை சேரும் தாமதம் சில மில்லி செகண்டுதான். ஜிட்டரும் மிகக் குறைவு. பழைய தாமிரக் கம்பி பிராட்பேண்டு காலத்தில் ஒவ்வொரு இடிமழைக்கும் ஒரு மோடம் கருகியது. கண்ணாடி இழை மின்னலைக் கடத்துவதில்லை. (தாங்கலுக்காக இரும்புக் கம்பி சேர்ந்த டிராப் கேபிள் (கம்பத்தில் இருந்து வீட்டுக்கு வருவது) என்றால் அந்தக் கம்பியை வீட்டுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள்.)

இதன் பலவீனம் கம்பத்தில் இருக்கிறது. நம்மூரில் கேபிள் மண்ணுக்கடியில் போவது அபூர்வம். மின்கம்பத்திலும் மரத்திலும் தொங்கிக்கொண்டு வருகிறது. ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, கற்பூர மரமும் சீகை மரமும் சாய்ந்து கேபிள் அறுவது நிச்சயம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டிய மாதிரி ஒரு வாரம் வந்தால், வீட்டு லைன் மட்டுமில்லாமல் ஊருக்கே வரும் பெரிய கேபிளும் மண்சரிவில் போகும். மழை இல்லாத நாளில் குரங்குகள் இருக்கின்றன. டிராப் கேபிளைப் பிடித்து ஊஞ்சலாடினால் அது உடனே அறுவதில்லை, ஓர் இடத்தில் மடங்கிவிடும். மடிப்பில் ஒளி கசியும். இணைப்பு இருக்கிற மாதிரியே இருக்கும். கேமில் மட்டும் விட்டுவிட்டு இழுக்கும். மலையில் நான் பார்க்கும் ஃபைபர் கோளாறுகளில் கண்டுபிடிக்கவே கஷ்டமானது இதுதான்.

அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. வீட்டில் ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியின் செட்டிங் பக்கத்தில் 'ஆப்டிக்கல் பவர்' என்று ஓர் எண் இருக்கும். இணைப்பு போட்ட அன்றே அதைக் குறித்துவையுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் (ஒளியின் பலத்துக்கான அலகு) வரை இருந்தால் கவலை இல்லை. மைனஸ் 27ஐத் தாண்டினால் பெட்டி தடுமாறத் தொடங்கும். போட்ட அன்று மைனஸ் 19 இருந்தது இப்போது மைனஸ் 26 என்று போனில் சொல்லிப் பாருங்கள். "தம்பி, சிவப்பு லைட் எரியுதா? எரியலைன்னா லைன் ஓகேதான்" என்று தட்டிக்கழித்த அதே அண்ணன், அடுத்த நாள் இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு வந்து நிற்பார். எண்ணைச் சொல்லிப் பேசுகிறவருக்கு எப்போதும் தனி மரியாதைதான்.

ஆபரேட்டரிடம் கேட்க வேண்டியது பிளான் விலை அல்ல. உங்கள் ஆபீசில் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? பெரிய லைன் மேட்டுப்பாளையம் வழியா, கோத்தகிரி வழியா, மைசூர் பக்கமா? இரண்டு வழி இருக்கிறதா? ராத்திரி ஒன்பது மணிக்கு உங்கள் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் பிங் பார்க்கலாமா? சின்ன ஆபரேட்டர் சிலர் மேலிருந்து வாங்கும் பேண்டுவிட்த் போதாமல் இரவு எட்டு முதல் பதினொன்று வரை திணறுவார்கள். பகலில் வந்து ஸ்பீடு டெஸ்ட் காட்டிவிட்டுப் போனால் இது தெரியாது.

ஃபைபரில் இன்னொரு தொல்லையும் உண்டு, அது ஆபரேட்டர் தவறே இல்லை. அக்கா கிளவுடுக்குப் போட்டோ ஏற்றுகிறாள், அப்பா வீடியோ காலில் இருக்கிறார். உங்கள் பிங் 300க்குப் போகிறது. ரூட்டரின் வரிசையில் பெரிய பேக்கெட்டுகள் முந்திக்கொண்டு நிற்பதால், பர்லியாறு கொண்டைஊசி வளைவில் லாரிக்குப் பின்னால் மாட்டிய புல்லட் மாதிரி கேம் பேக்கெட் ஊர்கிறது. 100 எம்பிபிஎஸ்ஸை 200 ஆக்கினால் இது முழுதாகத் தீராது. எஸ்க்யூஎம் (பேக்கெட் வரிசையை ஒழுங்குபடுத்தும்) வசதி உள்ள ரூட்டரில், வேக வரம்பை உங்கள் நிஜ வேகத்தில் 85 அல்லது 90 சதவீதத்துக்கு வைத்தால் தீர்ந்துவிடும். இந்த வசதி உள்ள ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருளை ஏற்கும் ரூட்டர் ஒன்று வாங்கினால் போதும்; 'கேமிங்' என்று பெயர் போட்டு ஆறு கொம்போடு விற்பது தேவையில்லை.

## 5ஜி ஏர்ஃபைபர்

2023இல் ஏர்டெல்லும் ஜியோவும் தொடங்கிய சேவை. கூரையில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு கேபிள் வீட்டுக்குள். கம்பம் கிடையாது, மரம் விழும் பயம் கிடையாது, குரங்குக்கும் இதில் பிடிக்க ஒன்றும் இல்லை. கோபுரம் கண்ணுக்கு நேரே தெரிகிற வீடு என்றால், நல்ல நேரத்தில் ஃபைபரைவிடப் பத்து இருபது மில்லி செகண்டு மட்டுமே கூடுதலாக இருக்கும். ரேங்க் ஆட அது போதும்.

சிக்கல் 'கண்ணுக்கு நேரே' என்பதில்தான். இது பெரும்பாலும் நம்பியிருக்கும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை மேட்டைச் சுற்றி வளையாது. பனிமூட்டமோ மழையோ அதை அதிகம் பாதிப்பதில்லை. ஆனால் நடுவில் நிற்கும் மரங்களின் நனைந்த இலைகள் பாதிக்கும். ஏப்ரலில் போட்டபோது பிரமாதமாக ஓடி, ஜூலையில் படுத்தால் இதுதான் காரணம். ஜியோவிடம் 700 மெகாஹெர்ட்ஸ் 5ஜியும் உண்டு. அது தூரம் போகும், மேடு பள்ளம் தாண்டும், கொள்ளளவு குறைவு.

அடுத்தது சீசன். ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டிக்கும் குன்னூருக்கும் வரும் கூட்டம் ரீல்ஸ் ஏற்றுவது அதே கோபுரத்தின் வழியாகத்தான். 2024 மே முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்திருந்தாலும் மாலை நேரத்தில் ஏரி, பூங்கா பக்கத்துக் கோபுரங்கள் திணறாமல் இல்லை. சீசனில் பேக்கெட் லாஸ் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் ரூட்டரை மாற்றுவார். பள்ளி திறந்து கூட்டம் இறங்கியதும் 'புது ரூட்டர் அருமை' என்பார்.

ஐபிவி4 (பழைய வகை ஐபி முகவரி) பொறுத்தவரை இது சிஜிநேட்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைன்கிராஃப்ட் சர்வர் நடத்த இதை வாங்கக் கூடாது. நீண்ட மின்வெட்டில் கோபுரத்தின் பேட்டரி தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசலும் வரவில்லை என்றால் உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பயன் இல்லை.

## 4ஜி சிம் ரூட்டரும் வெளி ஆண்டெனாவும்

ஃபைபர் வராத, 5ஜியும் எட்டாத இடங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். எஸ்டேட் லயன்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்), கிண்ணக்கொரை போன்ற கடைக்கோடி ஊர்கள், பந்தலூர்ப் பக்கத்துப் பள்ளங்கள். அங்கே இருப்பவருக்கு இது 'மட்டமான மாற்று' இல்லை. சரியாகப் போட்டால் மரியாதையாக ஓடும்.

சரியாகப் போடுவது என்றால் இரண்டு எண்களைப் பார்த்துப் போடுவது. ரூட்டர் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று சிக்னலின் பலம் இருக்கும்: மைனஸ் 90 நல்லது, மைனஸ் 110க்குக் கீழே மோசம். எஸ்ஐஎன்ஆர் என்று சுத்தம் இருக்கும்: 13க்கு மேல் நல்லது, பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் ஆடவே வேண்டாம். கட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள். கட்டை முழுதாக இருந்து எஸ்ஐஎன்ஆர் 2 இருந்தால், இரண்டு மூன்று கோபுரங்கள் ஒன்றின் மேல் ஒன்று பேசிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். திசை ஆண்டெனா அங்கேதான் கைகொடுக்கும், ஒரு கோபுரத்தை மட்டும் பார்க்கும்.

ஆண்டெனாவில் இருந்து ரூட்டருக்கு வரும் கோஆக்ஸ் கேபிள் நீளமானால், ஆண்டெனா சம்பாதித்ததை எல்லாம் கேபிள் தின்றுவிடும். ரூட்டரையே மேலே ஆண்டெனா பக்கத்தில் மழை புகாத பெட்டியில் வைத்து, லேன் கேபிளைக் கீழே இறக்குவது நல்லது. மூட்டுகளில் ரப்பர் டேப் சுற்றாவிட்டால் நம்மூர் ஈரம் ஒரு மழைக்காலத்தில் உள்ளே புகுந்துவிடும். தகரக் கூரைக்கு மேலே ஆண்டெனா, எர்த் கட்டாயம்.

கூடலூர், பந்தலூர் எல்லையோரத்தில் ஒரு தனிக் கூத்து. போன் ஒரு நேரம் நம் கோபுரத்தையும் அடுத்த நேரம் கேரளக் கோபுரத்தையும் பிடிக்கும். மாறும்போது ஐபி மாறினால் கேம் உங்களை வெளியே போட்டுவிடும். மசினகுடிப் பக்கம் இதே கதை கர்நாடகத்தோடு. பேண்ட் லாக், செல் லாக் வசதி உள்ள ரூட்டர் வாங்கி ஒரே கோபுரத்தில் கட்டிப்போடுவதே மருந்து. விலை மலிவான பாக்கெட் ரூட்டர்களில் அது இருக்காது.

பிங் 40 முதல் 80 வரை, ஜிட்டர் சுமார். ஷூட்டரில் ஏற முடியாது என்றில்லை, ஆனால் எதிராளியின் 20க்கு எதிராக ஆடுகிறோம் என்பது தெரியும். செஸ், கார்டு, கிரிக்கெட் மேனேஜர், டர்ன் பை டர்ன் ஆட்டங்கள் எதற்கும் தடை இல்லை. இணைப்புக்கு ஏற்ற கேமைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு தீர்வுதான். ஏனோ யாரும் அதைத் தீர்வாக எண்ணுவதில்லை.

## போன் ஹாட்ஸ்பாட்

பிஜிஎம்ஐயைப் போனிலேயே ஆடுகிறவருக்கு ஹாட்ஸ்பாட் தேவையில்லை, நேரே சிம்மில் ஆடுங்கள், அது வைஃபை வழியைவிட ஒரு கண்ணி குறைவு. கம்ப்யூட்டருக்கு என்றால் வைஃபை ஹாட்ஸ்பாட் வேண்டாம், யுஎஸ்பி கேபிள் வழி டெதரிங் போடுங்கள். தினசரிக்கு ஏற்றதில்லை. ஃபைபர் அறுந்த இரவுக்கு மட்டும்.

## செயற்கைக்கோள்

35,786 கி.மீ. உயரத்தில் நிற்கும் பழைய வகைச் செயற்கைக்கோளில், சிக்னல் ஏறி இறங்கித் திரும்பி வரவே 480 மில்லி செகண்டு ஆகும். கேமுக்கு ஆகாது. 550 கி.மீ. உயரத்தில் ஓடும் ஸ்டார்லிங்க் வகை அப்படி இல்லை. அதற்கு இந்தியாவில் 2025இல் உரிமம் கிடைத்தது. ஆனால் அதற்கு அகலமாக வானம் தெரிய வேண்டும். சோலைக்கும் கற்பூரத் தோப்புக்கும் நடுவே பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கு வானம் ஒரு கைக்குட்டை அளவுதான். ஃபைபர் உள்ளவர் இதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | ஃபைபர் | 5ஜி ஏர்ஃபைபர் | 4ஜி ரூட்டர் + ஆண்டெனா | ஹாட்ஸ்பாட் |
|---|---|---|---|---|
| பேக்கெட் லாஸ் | மடிப்பு இல்லாவிட்டால் இல்லை | சீசனில் உண்டு | எஸ்ஐஎன்ஆர் பொறுத்து | அடிக்கடி |
| ஜிட்டர் | மிகக் குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் முதல் அதிகம் | அதிகம் |
| பொது ஐபி | கேட்டால், காசுக்கு | எதிர்பார்க்க வேண்டாம் | எதிர்பார்க்க வேண்டாம் | இல்லை |
| காற்று, மழை | மரம் விழுந்தால் போச்சு | நனைந்த இலை | ஈரம் புகுந்தால் | கோபுரம் உள்ளவரை |
| மின்வெட்டு | இரு முனையிலும் பேட்டரி வேண்டும் | கோபுர பேட்டரி | கோபுர பேட்டரி | கோபுர பேட்டரி |
| பழுது | உள்ளூர் ஆள் இருந்தால் விரைவு | கால் சென்டர் டிக்கெட் | பாதி நீங்களே | நீங்களே |

## வீட்டுக்குள்: லேன், வைஃபை, பவர்லைன்

ஊட்டி, குன்னூர்ப் பழைய பங்களாக்களின் கல்சுவர் ஒன்றரை அடி இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அப்படி ஒரு சுவரைத் தாண்டுவதே பெரிது, இரண்டைத் தாண்டாது. 2.4 தாண்டும், ஆனால் நெருக்கமான லயன் வீடுகளில் அந்த அலைவரிசையில் பத்து ரூட்டர் ஒன்றாகக் கத்திக்கொண்டிருக்கும். வைஃபையை அறைக்கு அறை நீட்டும் மெஷ் பெட்டி ரீல்ஸ் பார்க்க நல்லது. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் கம்பி இல்லாவிட்டால் ஜிட்டரைக் கூட்டும். வீட்டு மின்வயர் வழியே இணையத்தை அனுப்பும் பவர்லைன் அடாப்டர் நம் பழைய வயரிங்கில் சூதாட்டம். இரண்டு முனையும் ஒரே ஃபேஸில் இருக்க வேண்டும், பக்கத்தில் மிக்ஸி ஓடினால் எண் ஆடும். திருப்பித் தர அனுமதிக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

ஒரு கேட்6 கேபிள் இவை எல்லாவற்றையும்விட மலிவு. 100 மீட்டர் வரை இழுக்கலாம். சுவரில் துளை போட வீட்டு ஓனர் விடமாட்டார் என்றால் ஜன்னல் கட்டை ஓரமாகத் தட்டைக் கேபிள். இதைச் செய்யாமல் இணைப்பை மாற்றுகிறவரை நான் தடுத்துவிடுவேன்.

## விளம்பரத்தில் வராத செலவுகள்

399, 499 என்று போட்டிருப்பதில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 471, 589. ரோட்டில் இருந்து வீடு தள்ளி இருந்தால் கூடுதல் கேபிளுக்கு மீட்டர் கணக்கில் வாங்குவார்கள். எஸ்டேட்டுக்குள் என்றால் நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். ஏர்ஃபைபரில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்கட்டணம், நடுவில் விட்டால் திரும்பாது. பொது ஐபி மாதா மாதம் தனி.

நான் கட்டாயம் என்று சொல்லும் செலவு ஒன்றே ஒன்று: ரூட்டருக்கும் ஓஎன்டிக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ். இரண்டும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வாட்தான் எடுக்கும், ஆயிரத்து சொச்சம் ரூபாய்ப் பெட்டியே இரண்டு மணி நேரம் போல தாங்கும். கரண்ட் ஒரு நொடி கண்சிமிட்டினாலே ஓஎன்டி திரும்ப எழுந்துவர இரண்டு மூன்று நிமிடம் ஆகும்; ரேங்க் மேட்சில் அது அபராதத்துக்குப் போதுமானது. மழைக்காலத்தில் கண்சிமிட்டுவது எத்தனை முறை என்பது உங்களுக்கே தெரியும். இணைப்பைக் குறை சொல்பவர்கள் பலருக்கும் நிஜக் கோளாறு இந்த ஒரு நொடிதான்.

மாற்று இணைப்பு வைத்துக்கொள்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மலைக்கோபுரங்களில் சில, நீங்கள் வாங்கும் ஃபைபர் வரும் அதே ரோட்டுக் கேபிளை நம்பியே இருக்கின்றன. அதே கம்பெனியின் ஃபைபரும் சிம்மும் வைத்திருந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும். ஃபைபர் ஒருவரிடம், சிம் வேறொருவரிடம்.

'பிங் குறைக்கும்' ஆப்களுக்கு மாதச் சந்தா கட்டலாமா என்றால், டிரேஸ்ரூட்டில் வழி சுற்றிப் போவது தெரிந்தால் மட்டும். சிங்கப்பூருக்குப் போகும் பேக்கெட் சென்னையில் கடலடிக் கேபிளில் இறங்காமல் மும்பைக்குப் போய்ச் சுற்றினால் அந்த ஆப் உண்மையிலேயே உதவும். வழி நேராக இருந்தால் காசுக்குக் கேடு.

## அப்படியென்றால் யாருக்கு எது?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி டவுனிலோ, ஃபைபர் உள்ள ஹட்டியிலோ இருந்து ஷூட்டரில் ரேங்க் ஏற நினைப்பவர்: ஃபைபர், லேன் கேபிள், மினி யுபிஎஸ், வேறு கம்பெனி சிம் ஒன்று. இதில் குழம்ப ஒன்றும் இல்லை.

வாடகை வீட்டில் ஒரு வருடம் மட்டும் இருக்கப்போகிற கல்லூரி மாணவர், கோபுரம் கண்ணில் படுகிறது என்றால் ஏர்ஃபைபர். நடுவில் தோப்பு இருந்தால் வேண்டாம்.

ஃபைபர் இருக்கிறது, ஆனால் அறுந்தால் ஒரு வாரம் யாரும் வருவதில்லை என்ற ஊர்களும் உண்டு. யானை நடமாடும் பாதையில் மாலைக்கு மேல் யாரும் ஸ்ப்ளைஸ் போடப் போகமாட்டார்கள், போகச் சொல்வதும் நியாயமில்லை. அங்கே ஃபைபரையும் 4ஜி ரூட்டரையும் விலையில் ஒப்பிடாதீர்கள்; போன மழைக்காலத்தில் எத்தனை நாள் லைன் இல்லை என்று பக்கத்து வீட்டில் கேட்டு, அதை வைத்து முடிவெடுங்கள். பத்து நாளுக்கு மேல் என்றால் நான் ஆண்டெனா பக்கம்தான்.

நண்பர்களுக்குச் சர்வர் நடத்துகிறவர், ஜிடிஏ லாபி நடத்துகிறவர்: பொது ஐபி தரும் ஃபைபர் தவிர வேறு எதுவும் வேண்டாம். எழுதித் தரச் சொல்லுங்கள். 'போட்டுக்கலாம் தம்பி' என்ற வாய்ப்பேச்சு போதாது.

எதை எடுத்தாலும் முதல் மூன்று மாதம் மாதக் கட்டணத்திலேயே போங்கள். 'வருடப் பேக் போட்டால் இரண்டு மாதம் இலவசம்' என்பது நல்ல சலுகைதான், ஆனால் அதை மார்ச்சில் ஏற்காதீர்கள். கூடலூர், ஊட்டி மேற்குப் பக்கத்தவர் ஜூலையைப் பார்த்த பிறகும், குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் ஐப்பசி மழையைப் பார்த்த பிறகும் கட்டலாம்.